கொலைஞனின் இல்லறம்

இல்வாழ்வான் ஆற்றவேண்டிய கடமைகள் இவையிவை என்று நம் முன்னோர் நிரல்பட வகுத்துவைத்தனர். விருந்தோம்பலும், மக்களைப் பேணலும், சுற்றந் தழுவலும், வரவறிந்து செலவிடலும் அவற்றுட் சில. ஆயின், கூலி பெற்றுக்கொண்டு உயிரைக் கவர்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் மாலையில் வீடு திரும்பி, கைகழுவி அமர்ந்து, மகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுப்பானாயின், அவன் இல்லறத்தை என்னென்று சொல்வது? இவ்வினாவை நம் முன்னோர் எழுப்பினாரல்லர். இக்காலத்து நாடகாசிரியர்கள் எழுப்பியிருக்கின்றனர். அதுவும் நகைச்சுவை தோன்ற எழுப்பியிருக்கின்றனர்.

2018-ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவிற்குரியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பேரி' என்னும் தொடர்நாடகம் தொடங்கிற்று. கூலிக்குக் கொல்வோன் ஒருவன், கொலைசெய்யச் சென்றவிடத்தில் நடிப்புப் பயிற்சி வகுப்பொன்றிற் புகுந்து, நடிகனாக விழைவது அதன் கதை. செப்டம்பர் மாதத்தில் ஆஸ்திரேலிய நாட்டினர் ஆக்கிய 'மிஸ்டர் இன்பிட்வீன்' என்னும் தொடர் வெளிவந்தது. அக்டோபர் 17-ஆம் நாள், வெற்றிமாறன் இயக்கிய 'வடசென்னை' என்னும் திரைப்படம் நம் அரங்குகளுக்கு வந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்ததன்று. எனினும் ஓராண்டிற்குள் மூன்று கண்டங்களினின்றும் கொலைஞரின் வாழ்க்கையை உள்ளிருந்து காட்டும் கதைகள் எழுந்தமை எண்ணத்தக்கது.

இம்மூன்றனுள் முதலதைப் பற்றி ஈண்டு விரித்துரையோம். பின்னிரண்டைப் பற்றி எம் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு எமக்குச் சிறிது உரிமையுண்டு. யாம் இராயபுரத்திற் பிறந்து, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்குக் கூப்பிடு தொலைவில் வளர்ந்தோம். 'வடசென்னை' வெளிவந்தபொழுது எமக்குப் பன்னிரண்டு வயது. அப்படம் வயதுவந்தோர் மட்டுமே காண்டற்குரியதெனத் தணிக்கையாளர் சான்றளித்திருந்தமையால், எம் தெருக்களைப் பற்றிய படத்தை எம் தெருச் சிறுவர் அரங்கிற் காண இயலவில்லை. சுவரொட்டிகளை மட்டுமே கண்டோம். படத்தைக் கல்லூரிக்கு வந்த பின்னரே கண்டோம். ஆஸ்திரேலியத் தொடரைச் சென்ற கோடை விடுமுறையில், வீட்டார் உறங்கிய பின்னர், கைப்பேசித் திரையிற் சிறிது சிறிதாகக் கண்டு முடித்தோம்.

'மிஸ்டர் இன்பிட்வீன்' என்னும் பெயருக்கு 'இடைப்பட்டவர்' என்று பொருள் கொள்ளலாம். இதனை எழுதியவர் ஸ்காட் ரயன். தலைமைப் பாத்திரமாகிய ரே ஷூஸ்மித் என்னும் கொலைஞனாக நடித்தவரும் அவரே. இயக்கியவர் நாஷ் எட்ஜர்ட்டன். 2005-ஆம் ஆண்டிலேயே ரயன் இப்பாத்திரத்தைக் கொண்டு 'தி மஜீஷியன்' என்னும் படமொன்றைச் சிறு செலவில் எடுத்திருந்தார். பதின்மூன்று ஆண்டு கழித்தே அது தொடராக வளர்ந்தது. 2018 முதல் 2021 வரை மூன்று பருவங்களாக 26 பகுதிகள் வெளிவந்தன. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

சிட்னி நகரத்தில் வாழும் ரே, மனைவியைப் பிரிந்தவன். பிரிட்டனி என்னும் சிறுமி அவன் மகள். அவள் தாயோடு சில நாளும் தந்தையோடு சில நாளும் இருக்கிறாள். புரூஸ் என்னும் உடன்பிறந்தான், கைகால்களின் இயக்கம் நாளடைவில் ஒடுங்கும் நரம்பு நோயால் வருந்துகிறான். அவனைத் தாங்கிப் பேணுபவனும் இக்கொலைஞனே. முதலாளி ஒருவன் கட்டளையிட, இவன் கடன் தண்டுகிறான், அச்சுறுத்துகிறான், கொல்கிறான். பின்னர் மகளை அழைத்துக்கொண்டு உலாவச் செல்கிறான். அவள் கேட்கும் சிறுபிள்ளை வினாக்களுக்குப் பொறுமையோடு விடை தேடுகிறான். இத்துணையும் போதாதென்று, தன் சினத்தை அடக்கக் கற்றுக்கொள்ளும் பொருட்டு ஒரு பயிற்சிக் குழுவிற் சென்று அமரவும் செய்கிறான். சினமின்றி, கூலியின் பொருட்டு அமைதியாகக் கொல்வோனைச் சினம் அடக்கும் வகுப்பில் இருத்திய அந்த இடம் நகைப்பிற்கிடமானது.

அந்நகைப்பு எத்தகையது என்று நாம் ஆராய்தல் வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அது பிறத்தற்குரிய நிலைக்களம் நான்கு என்றும் வகுத்தார். பிறரை எள்ளுதல் ஒன்று. இளமைத் தன்மை ஒன்று. ஏனைய இரண்டும் பேதைமையும் மடமையும் ஆம். 'இடைப்பட்டவர்' நாடகத்தில் நம்மை நகைக்கச் செய்வன இளமையும் பேதைமையுமே. மகளின் இளமை ஒருபுறம். தன் கையிற் படிந்துள்ளது யாதென அறிந்தும், அறியாதான்போல் 'நான் நல்ல தந்தை' என்று நம்பி ஒழுகும் தந்தையின் பேதைமை மற்றொருபுறம். நகைத்த வாய் மூடுமுன்னரே அச்சமும் இளிவரலும் வந்து சேர்கின்றன. நகை, அச்சம், இளிவரல் ஆகிய மூன்றனையும் ஒரு கலத்திற் குழைத்துத் தரும் இச்சுவையைத்தான் இக்காலத்தார் 'கருப்பு நகைச்சுவை' என்கின்றனர்.

இத்தகைய நாடகங்கள் கொலையை எளியதாக்கிக் காட்டுகின்றன, கொலைஞனிடத்து இரக்கம் பிறக்கச் செய்கின்றன, ஆதலின் இளைஞர் காணத்தகாதன என்று பெரியோர் சிலர் கூறுவர். அவர் அச்சத்தை யாம் இகழோம். ஆயினும் அவர் கூற்றை முழுதும் ஒப்புக்கொள்ளவும் இயலவில்லை. முன்னாளைத் திரைப்படங்களில் வந்த கொலைஞன் எவ்வாறிருந்தான்? கன்னத்தில் ஒரு பெரிய மறு, கழுத்தில் ஒரு கைக்குட்டை, கண்களிற் சிவப்பு, வாயில் உரத்த சிரிப்பு: இவையே அவன் இலக்கணம். அவனுக்கு வீடு இராது. தாய் இராள். அவன் பசித்து உண்டதையோ, காய்ச்சலிற் படுத்ததையோ எவரும் கண்டதில்லை. அத்தகையோனைக் கண்டு நாம் பெற்ற பாடம் ஒன்றேயாம். கொலை என்பது நம் போன்றோர் செய்வதன்று, மறுவுடையோர் செய்வது என்பதே அப்பாடம். இது பொய். எமக்கு இது பொய்யென்பது எட்டு வயதிலேயே தெரியும்.

எம் தொடக்கப்பள்ளியில் எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் தந்தையைத் தெருவில் எல்லாரும் 'அண்ணன்' என்றே அழைப்பர். அவர் நாள்தோறும் மகளை வண்டியிற் கொணர்ந்து பள்ளி வாயிலில் விடுவார். மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கிநிற்குங்கால் அவளைத் தோளில் ஏற்றி, அவள் புத்தகப்பையைத் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். அக்காட்சியைக் கண்டு யாமெல்லாம் நகைப்போம். அவரும் உடன் நகைப்பார். எமக்குக் குச்சி ஐஸ் பலகாலும் வாங்கித் தந்ததுண்டு. "தம்பி, பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோ, இன்னா?" என்பது அவர் எம்மிடம் சொல்லும் மொழி. அவர் தொழில் யாதென்று எமக்குத் தெரியாது, பெரியோர்க்குத் தெரிந்திருந்தது. ஒருநாட் காலையில் அவரைக் காவலர் கொண்டுசென்றனர். 'சம்பவம்' என்னும் சொல்லைப் பெண்டிர் குழாயடியில் தாழ்ந்த குரலிற் பேசினர். இரண்டு தெரு தள்ளி ஒருவர் வெட்டுண்டு இறந்திருந்தார்.

மறுநாள் அச்சிறுமி பள்ளிக்கு வந்தாள். அவளுக்கருகில் ஒருவரும் அமரவில்லை. யாமும் அமரவில்லை. எவரும் எமக்குச் சொல்லவுமில்லை. யாமே எழுந்து பின்பலகைக்குச் சென்றோம். அவள் ஒன்றுங் கேட்டிலள். தனக்கு இடம் மிகுதியாகிவிட்டமையால் நோட்டுப் புத்தகத்தைப் பலகையின் நடுவில் வைத்துக்கொண்டு எழுதினாள். அவ்வாண்டு முடியுமுன் அவளும் அவள் தாயாரும் வேறிடம் பெயர்ந்துவிட்டனர். பத்தாண்டு கழித்து, கைப்பேசித் திரையில் பிரிட்டனி என்னும் அயல்நாட்டுச் சிறுமி தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நடந்தபொழுது, எமக்கு அப்பலகை நினைவிற்கு வந்தது. எம் செயலுக்கு யாம் நாணினோம். ஒரு நாடகம் காண்போனைத் தன் பிழைக்கு நாணச்செய்யுமாயின், அதனைத் தீய நாடகம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

ஆயினும், இத்தொடரை முற்றும் புகழ்தற்கும் இயலாதவாறு ஒரு குறை உறுத்துகின்றது. இருபத்தாறு பகுதிகளிலும் கொலைஞன் வீட்டை நாம் நன்கறிகிறோம். அவன் மகளை அறிகிறோம், உடன்பிறந்தானை அறிகிறோம், அவன் நண்பன் கேரியின் பேதைமைகளையெல்லாம் அறிகிறோம். கொலையுண்டோரோ பெரும்பாலும் சில நிமிடம் தோன்றி மறைகின்றனர். அவர் வீட்டுக் கதவு நமக்குத் திறப்பதில்லை. அவர் மகள் எந்த வினாவைக் கேட்டுக்கொண்டு வாயிலிற் காத்திருந்தாள் என்பது நமக்குத் தெரிவதில்லை.

இதனை எண்ணுந்தோறும் எம் மனம் சிலப்பதிகாரத்திற்குச் செல்கின்றது. கோவலனைக் கொல்லச் சென்ற அரச காவலர் அவன் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியோனல்லன் என்று தயங்கினர். பொற்கொல்லன் கள்வர் திறங்களையெல்லாம் எடுத்துரைத்து அவர் தயக்கத்தைப் போக்க முயன்றான். அப்பொழுது கல்லாத குடியன் ஒருவன் தன் கைவாளை வீசிவிட்டான். அவன் பெயர் யாது? அவன் வீடு மதுரையில் எத்தெருவில் இருந்தது? அன்றிரவு அவன் வீடு சென்று யாதுரைத்தான்? இளங்கோவடிகள் ஒன்றுங் கூறினாரல்லர். அவர் நம்மை அவன் வீட்டிற்கு அழைத்துச் செல்லாமல், ஆயர் இல்லத்தில் கணவன் வரவு நோக்கியிருந்த கண்ணகியிடம் அழைத்துச் சென்றார். இக்காலத்து நாடகாசிரியர் வழியை மாற்றிக்கொண்டனர். கண்ணகி இல்லத்தைக் கடந்து சென்று, வாள் வீசியவன் வீட்டுக் கதவைத் தட்டுகின்றனர். பழைய வழியே சிறந்தது, புதியது இழிந்தது என்று யாம் கூறோம். வாள் வீசியவனும் ஒரு வீட்டிற்குத் திரும்பியிருத்தல் வேண்டும் என்பது உண்மையே. அதனை அறிதலும் நன்றே. ஆயின், ஒரு வீட்டைக் காட்டி மற்றொரு வீட்டை மறைப்பது பாதி உண்மையாம்.

எம் கருத்தில், இவ்விரு வீட்டையும் ஒரு கூரைக்கீழ்க் கொணர்ந்த கதை 'வடசென்னை'யே. அப்படம், குருதி தோய்ந்த படைக்கலங்களை முன்வைத்துக்கொண்டு நால்வர் அமர்ந்து, இனி ஆவதென்ன என்று வழக்கறிஞரைப் போல உரையாடும் காட்சியோடு தொடங்குகின்றது. கேட்போர்க்கு நகைப்பும் நடுக்கமும் ஒருங்கே தோன்றும். அவர்கள் கொன்றது இராசன் என்பானை என்பது பின்னரே விளங்குகின்றது. அமீர் நடித்த இப்பாத்திரம், தம்மக்கள் வாழும் கடற்கரை நிலத்தைப் பறித்தற்கு வந்தோரை எதிர்த்து நின்றவன். இளைஞர்க்குக் கேரம் ஆட்டம் பயிலுதற்கு மன்றம் அமைத்தவன். அவனைக் கொன்றவர் அவனிடமே வளர்ந்தவர். அவன் மனைவி சந்திரா. அவளாக நடித்தவர் ஆண்ட்ரியா ஜெரெமையா. கணவனை இழந்த அவள் மதுரையை எரிக்கவில்லை; வழக்கு மன்றத்தை நாடவுமில்லை. கொன்றவருள் ஒருவனாகிய குணாவையே மணந்துகொள்கிறாள். அவன் வீட்டிலிருந்தே மற்றவரையும் அவனையும் அழிக்கக் காலம் நோக்குகிறாள்.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். கொலைஞன் வீடு திரும்புகிறான். அவனுக்குச் சோறு வடித்து வைத்திருப்பவள், அவன் கொன்றவனுடைய மனைவி. அவன் அதனை அன்பென்று எண்ணி உண்கிறான். ஆஸ்திரேலியத் தொடரிற் காணாத வாயிற்கதவு இங்கே திறந்துவிட்டது. கொலையுண்டவன் வீடு கொலைஞன் அடுக்களைக்குள்ளேயே வந்து குடிபுகுந்துவிட்டது. பழிக்குப் பழி வாங்கும் அவள் நெறியை யாம் ஏற்கவில்லை. ஆயினும், 'நீ கொன்றவனுக்கும் ஓர் இல்லம் இருந்தது' என்பதை ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் நினைவுறுத்தும் அவ்வமைப்பு, உலகத்துக் கொலைஞர் கதைகள் பலவற்றிலும் இல்லாத ஒன்றென்றே எண்ணுகிறோம்.

விவிலியம் பயின்றோர்க்குத் தாவீது அரசன் வரலாறு இவ்விடத்தில் நினைவிற்கு வரும். அவன் உரியா என்னும் வீரனைத் தன் கையாற் கொல்லவில்லை. போர்முனையில் அவனைத் தனியே விட்டு மடியச் செய்க என்று படைத்தலைவனுக்கு ஓலை எழுதி, அவ்வோலையை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். பின்னர் அவன் மனைவியைத் தன் மனைவியாக்கிக்கொண்டான். நாத்தான் என்னும் தீர்க்கர் வந்து அரசனை நேரே இடித்துரைக்கவில்லை. ஒரு கதை சொன்னார். ஏழை ஒருவன் வீட்டில் ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அது அவன் மக்களோடு வளர்ந்து, அவன் கலத்தில் உண்டு, அவன் மடியில் உறங்கிற்று. அதனைச் செல்வன் ஒருவன் பறித்துக் கொன்றான். இதுவே அக்கதை. கேட்ட அரசன் சினந்தெழுந்தான். அச்செல்வன் தானே என்று உணர்த்தப்பட்டபொழுது உடைந்து போனான். அவனை உடைத்தது எது? செல்வனுடைய கொடுமையை நாத்தான் விரித்துரைக்கவில்லை. ஏழை வீட்டுக் கலத்தையும் மடியையும் காட்டினார். இழந்தவன் வீட்டைக் காட்டியமையாற்றான் அக்கதை கொன்றவன் நெஞ்சைத் திறந்தது.

கொலையைத் தொழிலாகக் கொண்டோர் அதற்கெனத் தனிச்சொற்கள் வைத்திருத்தலையும் தமிழ் பயில்வோர் நோக்குதல் வேண்டும். ஒரு தொழிலினர் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூலார் பெயரிட்டார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. எம் பகுதித் தெருக்களில், கொலைக்கு முன்னே செய்யும் ஆராய்ச்சி 'ஸ்கெட்ச்', அரிவாள் 'பொருள்', கொலையே 'சம்பவம்'. சம்பவம் என்பது தானாக நிகழ்வது. செய்தவன் ஒருவன் அதற்கு வேண்டுவதில்லை. இறந்தவனும் அச்சொல்லில் இல்லை. ஆகவே அச்சொல்லைச் சொல்லிவிட்டு ஒருவன் நகைக்கவும், சோறுண்ணவும், மகளைத் தோளிற் சுமக்கவும் கூடும். இப்பொழுது இச்சொற்கள் திரைப்படங்களின் வாயிலாக எம் எல்லையைக் கடந்து எங்கும் பரவிவிட்டன. கிரிக்கெட் ஆட்டத்தில் ஒருவன் நன்றாக மட்டை பிடித்தாலும் 'சம்பவம் செய்தான்' என்று மாணவர் கொண்டாடுகின்றனர். குழூஉக்குறி பொதுவழக்கானால் அதன் மறைவு நீங்கும். ஆனால் அதனுள்ளிருந்த கொலையுண்டோன் மீண்டு வந்தானல்லன்.

அவ்வாறே எம் ஊர்ப்பெயரும் ஒரு குறியாகிவிட்டது. எம் மாமன் மகன் பொறியியற் பட்டயம் பெற்று, ஓரிடத்தில் வேலை வேண்டி நேர்காணலுக்குச் சென்றார். முகவரியைப் படித்த அலுவலர், "காசிமேடா? கத்தியை வெளியவே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டு நகைத்தனர். சூழ இருந்தோரும் நகைத்தனர். எம் மாமன் மகனும் வேறு வழியின்றி நகைத்தார். வேலை கிடைக்கவில்லை. நகைக்குரிய நிலைக்களம் நான்கனுள் எள்ளல் என்பது இதுவேயாம். எம் பகுதியைப் பற்றிய படங்கள் பல வந்துள்ளன. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆயின் காண்போர் அவற்றிலிருந்து எடுத்துச் சென்றது பெரும்பாலும் கத்தியை மட்டுமே. 'வடசென்னை'யைக் கண்டோரும் சந்திராவின் அடுக்களையை மறந்து, சிறைச்சாலைச் சண்டையையே நினைவில் வைத்துள்ளனர்.

இராயபுரம் என்றால் வேறு நினைவுகளும் உரியன. தென்னாட்டின் முதல் இரயில் நிலையம் 1856-ஆம் ஆண்டில் எழுந்தது இங்கே. பட்டினத்தார் அடங்கிய இடமெனப் போற்றப்படுவது அண்டையிலுள்ள திருவொற்றியூர்க் கடற்கரை. 2023 டிசம்பர் மாதப் பெருமழைக்குப் பின்னர் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபொழுது, வலையும் படகும் கறுத்துப் பிழைப்பிழந்து நின்றோர் எம் மீனவர். 'வடசென்னை'யின் தலைமகன் அன்பு, கேரம் ஆடி அரசுப் பணி பெற விரும்பியவன்; அவனைக் கதை சிறைக்கும் கத்திக்கும் இழுத்துச் சென்றது. மெய்வாழ்க்கையிலோ, புதுவண்ணாரப்பேட்டையைச் சார்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகிய காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று பொற்பதக்கங்களை வென்று திரும்பினார். அன்பின் கதையைப் பொய்யென்று யாம் சொல்லவில்லை. காசிமாவின் கதையும் மெய்யென்று சொல்கிறோம்.

கொலையே எம் பக்கத்தில் இல்லையென்று மறைக்கவும் யாம் முயலவில்லை. 2024 ஜூலை 5-ஆம் நாள் மாலை, பெரம்பூரில், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவரும் வழக்கறிஞருமாகிய ஆம்ஸ்ட்ராங் தம் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர்க்கு மனைவியும் ஒரு பெண்குழந்தையும் உண்டு. அச்செய்தி வந்த இரவில் எம் தெருவில் எவரும் 'சம்பவம்' என்னும் சொல்லை நகைத்துக்கொண்டு சொல்லவில்லை. இறந்தவர் வீட்டை எல்லாரும் அறிந்திருந்தமையே அதற்குக் காரணம். வீடு தெரிந்துவிடின் அச்சொல் வாயில் வருவதில்லை.

ஆதலின் எம் முடிபு இதுவாகும். கொலைஞனை இல்லறத்தானாகக் காட்டும் நாடகம் தீதன்று. அவன் மறுவும் கைக்குட்டையும் உடைய அரக்கனல்லன், நம்மைப் போன்றவன் என்று காட்டுவதால் அது நம்மையே நாம் ஆராயச் செய்கின்றது. அவன் பேதைமையைக் கண்டு நகைப்பதும் தீதன்று. ஆயின், அந்நகை அடங்குமுன் கொலையுண்டவன் வீட்டுக் கதவும் ஒருமுறையேனும் திறத்தல் வேண்டும். கொலையுண்டோன் பெயரின்றி, வீடின்றி, நகைப்பிற்கு ஒரு கருவியாய் மட்டும் வந்து விழுவானாயின், நாடகாசிரியரும் கொலைஞனோடு சேர்ந்து அவனைச் 'சம்பவம்' ஆக்கிவிட்டார் என்றே கொள்ளவேண்டும். எம் கல்லூரியினின்றும் நாளை நாடகமும் திரைக்கதையும் எழுதப்புகும் நண்பர் சிலர் உளர். அவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் இவ்வொன்றே. இரண்டு வீட்டிலும் நுழையுங்கள். இரண்டாவது வீட்டிற்குச் செல்ல மனமில்லையாயின், முதல் வீட்டிற்குள்ளும் செல்லற்க.

பிறர்க்கு இவ்வாறு அறிவுரை கூறும் யாம் எம் பிழையொன்றையும் சொல்லி முடித்தல் முறையாகும். எம்மோடு பலகையில் அமர்ந்த சிறுமியின் பெயர் எமக்கு இன்றும் நினைவிலிருக்கிறது. அவள் தந்தையார் வாங்கித் தந்த ஐஸின் நிறமும் நினைவிலிருக்கிறது. ஆயின், இரண்டு தெரு தள்ளி வெட்டுண்டு இறந்தவர்க்கும் எங்கள் பள்ளியிற் கீழ்வகுப்பிற் படித்த மகன் ஒருவன் இருந்தான். சிலநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. பின்னர் மொட்டைத் தலையோடு வந்து உணவு வேளையில் மதிலோரமாய் நின்றான். அவன் பெயர் எமக்கு நினைவில்லை. அன்று கேட்டறிந்ததாகவும் தோன்றவில்லை. நாடகாசிரியரிடம் கண்ட குறையை எட்டு வயதிலேயே யாமும் செய்திருக்கிறோம்.

அவன் தாயார் இன்றும் காசிமேட்டில் மீன் விற்கிறார். இவ்விடுமுறையில் ஊர் செல்லுங்கால் அவரிடம் சென்று, மகன் நலம் வினவி, அவன் பெயரையும் கேட்டறியக் கருதியிருக்கிறோம்.